காப்பி பூக்கறதுக்குள்ள ஒரு காரு

பழைய காரு விக்கிறது, பொண்ணு பாத்துக் கட்டி வெக்கிற தரகு மாதிரிங்க. நல்லா இருந்தா அவங்க அதிர்ஷ்டம், சண்டை வந்தா தரகன் தலைதான் உருளும்.

ஏற்காட்டு ஏரியில இருந்து சித்த தூரத்துல எனக்கு ஒரு தகரக் கொட்டாயி. பதினாலு வருசமா அங்கதான் கெடக்கறேன். காலையில வந்து கதவைத் தொறந்தா, மூடுபனியில ஏழு வண்டி நிக்குதா எட்டு வண்டி நிக்குதான்னு எனக்கே தெரியாது. பத்து மணிக்கு மேல ஒவ்வொண்ணா எந்திரிச்சு வர்ற மாதிரி வெளிய வரும். அந்த நேரம் எனக்கு நொம்பப் புடிக்குமுங்க. மோகினி புடிச்சவனாட்ட டீ டம்ளரை வெச்சுக்கிட்டு நிப்பேன். அப்பத்தான் எவனாச்சும் வந்து தோளைத் தட்டி, "ஏனுங்க, எது நல்ல வண்டி?"ம்பான். அவனுக்குத் தினம் ஓட்டவும் ஆகணும், ஓட்டினா மனசும் குளுரணும். உழவுக்கும் ஊர்கோலத்துக்கும் ஒரே மாட்டைக் கேட்டா நான் எங்க போவேன்?

நீங்களும் காரு வாங்கி அவதிப்பட்டிருப்பீங்க, இல்லைன்னா வித்து அவதிப்பட்டிருப்பீங்க. எப்படியோ நாமெல்லாம் ஒரே சாதி. அதனால போன பருவத்துல நான் ஒரே ஒரு வண்டி விக்கப் பட்ட பாட்டை உங்ககிட்டத்தான் சொல்லணும்.

வெள்ளை போதுமா?

பொங்கல் லீவு முடிஞ்ச மொத சனிக்கிழமை ஸ்டெல்லா டீச்சரம்மா வந்தாங்க. இங்க மிஷன் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரு. கூடவே அவங்க ஊட்டுக்காரரு அருள் ஐயா. தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டுல முப்பது வருசம் ரைட்டரா இருந்தவரு. காலையில ஆளு எண்ணி வேலைக்கு அனுப்பறது, சாயங்காலம் பறிச்ச பழத்தை எடை போடறது எல்லாம் அவருதான். எங்கம்மா அந்த எஸ்டேட்டுல காப்பிப் பழம் பறிச்சவங்க. அதனால அவரைப் பாத்ததும் எனக்குக் கையி தானா கும்புடு போட்டுருச்சு. அவரு டீச்சரம்மா முழங்கையைப் புடிச்சுக்கிட்டே நடந்து வந்தாரு. இந்த வயசுலயும் என்ன கொஞ்சலப்பான்னு உள்ளுக்குள்ள சிரிச்சேன். எம் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

டீச்சரம்மா சுத்தி வளைக்காம சொன்னாங்க. "இவருக்குக் கண்ணு போயிட்டிருக்குது பழனி. ஓரமெல்லாம் இருட்டிருச்சு. நேரா பாத்தா உள்ளங்கை அகலத்துக்குத் தெரியுது. அதுவும் எத்தனை நாளைக்குன்னு சேலத்து டாக்டருக்கே தெரியலை. நான் பஸ்சு புடிச்சுப் பள்ளிக்கூடம் வந்துட்டா இவரு ஊட்டுல தனியா செவுத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்காரு. இனி தினம் கூடவே கூட்டிட்டு வரப் போறேன். அது ஒண்ணு. இன்னொண்ணு, இந்தப் பங்குனியில காப்பி பூக்கறதை இவரு பாக்கோணும். முப்பது வருசம் அந்தப் பூவுக்கு நடுவுல நின்னுக்கிட்டு, எத்தனை ஆளு வந்துச்சு, எத்தனை ஆளு வல்லைன்னே பாத்தாரு. அதுக்குள்ள எனக்கு வண்டி வேணும். ஏறி உக்காந்தா சிரிப்பு வர்ற வண்டியா வேணும்."

மைலேஜ் கேட்டிருக்காங்க, ஏசி கேட்டிருக்காங்க. சிரிப்பு வர்ற வண்டி எவனும் கேட்டதில்லைங்க. நான் எப்பவும் போல வாயைத் தொறந்தேன். சேலத்துல ஒரு டாக்டரம்மா வெச்சிருந்த வெள்ளைக் காரு, கீறல் கெடையாது, செலவு வெக்காது, கண்ணை மூடிட்டு வாங்கலாம்னு சொல்லிட்டு நாக்கைக் கடிச்சேன். அருள் ஐயா கண்டுக்கவே இல்லை. உள்ள உக்காந்து சீட்டைத் தடவிப் பாத்துட்டு, நான் உள்ள இருந்து வெளிய பாக்கத்தானே போறேன், வெள்ளையே போதும்னாரு. டீச்சரம்மா வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்து சொன்னாங்க: "நான் தினம் வெளிய இருந்து இதைப் பாக்கணுமேங்க. ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரியே இருக்குது. எனக்குப் போதாது."

கூரையில ஒரு கண்ணாடி

அடுத்த வாரம் கூரையில கண்ணாடி வெச்ச வண்டி ஒண்ணு வந்துச்சு. ஒரு பொத்தானை அமுக்கினா மேல வானம் தொறக்கும். ஆகா, சிக்கினாங்கடான்னு ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டு சேர்வராயன் கோயிலுக்குக் கெளம்பினேன். எங்க அப்பன் காலத்துல மாடு வாங்கினாலும் மொதல்ல அங்கதான் ஓட்டிட்டுப் போயிக் காட்டுவாங்க. நான் காரைக் காட்டறேன், அவ்வளவுதான் வித்தியாசம். டீச்சரம்மா சிரிச்சாங்க. சாமி வண்டியைப் பாக்கட்டும், நாங்க மேல பாக்கறோம்னாங்க.

கோயில் மேட்டுல நிறுத்தி சீட்டைச் சாச்சு விட்டேன். அருள் ஐயா மல்லாந்து படுத்தாரு. மேகம் ஒண்ணு பின்னால ஒண்ணா அந்தக் கண்ணாடிக்கு மேல போகுது. எவ்வளவு நேரம் போச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. "பழனி, இதுக்கு ஓரத்துப் பார்வை வேண்டாம்பா, நேரா வருது"ன்னாரு. வித்தாச்சுடான்னு நெனைச்சேன். காத்தும் வரட்டும்னு பொத்தானை அமுக்கினேன்.

காத்து வல்லை, குரங்கு வந்துச்சு. ஒண்ணு இல்லை, குடும்பத்தோட! ஒண்ணு டீச்சரம்மா பையில இருந்த அச்சு முறுக்கைத் தூக்கிச்சு. இன்னொண்ணு அருள் ஐயா மடியில மருமவனாட்ட சம்மணம் போட்டு உக்காந்து, அவரு மூக்குக் கண்ணாடியைக் கழட்டிக்கிட்டு மரத்துல ஏறிருச்சு. "மாதாவே! மாதாவே!"ன்னு டீச்சரம்மா கத்தறாங்க. நான் ரெண்டு கொய்யாப்பழம் வாங்கி, மரத்தடியில நின்னு கெஞ்சி, கண்ணாடியைத் திருப்பி வாங்கறதுக்குள்ள வேர்த்து விறுவிறுத்துப் போச்சு. கொய்யா வித்த அம்மா எல்லாத்தையும் பாத்துட்டு நிதானமா சொல்லிச்சு: "குரங்குக்கு வழி விட்டுக் காரு பண்ணினவன் ஏற்காட்டுக்காரன் இல்லீங்க."

பஸ்சு பூராவும் வாத்தியாருங்க

மூணாவதா ஒரு பெரிய டீசல் வண்டி. மலைக்கு இதுதான் ராசான்னு நானே பாட்டா பாடினேன். டீச்சரம்மா லைசென்ஸ் வாங்கினது சேலத்துல, தட்டுத் தரையில. மேடுன்னா அவங்களுக்குப் பள்ளிக்கூட வாசப்படிதான். அதனால அடிவாரத்துல இருந்து கொண்டை ஊசி வளைவு பூரா ஓட்டிப் பாக்கட்டும்னு கூட்டிட்டுப் போனேன். அந்த வண்டிக்கு மூக்கு அவ்வளவு ஒசரம். ரெண்டு தலகாணி போட்டும் அவங்களுக்கு ரோடு தெரியலை, ஆகாசம்தான் தெரிஞ்சுது.

நாலு வளைவு நல்லாத்தான் ஏறினோம். அஞ்சாவதுல ஒரு டூரிஸ்ட் வண்டி மேல இருந்து வந்துச்சு. ஏறுற வண்டிக்கு எறங்கற வண்டி வழி விடணும், அது மலை நியாயம். அந்த நியாயம் தெரியாதவன் நட்ட நடு வளைவுல வந்து மூக்கை நீட்டினான். டீச்சரம்மா பிரேக் போட, எஞ்சின் நிக்க, வண்டி பின்னால உருள ஆரம்பிச்சுருச்சு. நான் கை பிரேக்கைப் புடிச்சுத் தொங்கறேன். பின்னால பஸ்சு. பஸ்சு பூராவும் சன்னல்ல தலையை நீட்டி, கிளச்சை விடுங்க, விடாதீங்க, ஆக்சிலேட்டரை மிதிங்கன்னு ஆளுக்கொரு பாடம் எடுக்குது. அருள் ஐயா மட்டும், "வலது கைப்பக்கம் தண்ணி சத்தம் கேக்குது பாரு ஸ்டெல்லா"ன்னு வேற எங்கயோ இருக்கறாரு. கண்டக்டர் எறங்கி ஒரு கல்லைத் தூக்கிட்டு வந்து பின் டயருக்கு அண்டக் குடுத்தாரு. டீச்சரம்மா மூஞ்சியைப் பாத்ததும் அடையாளம் தெரிஞ்சு கும்புட்டாரு. "டீச்சரம்மா, எம் பையனைக் கணக்குல ரெண்டு வருசம் ஒரே கிளாசுல உக்கார வெச்சீங்க, நான் ஏதாச்சும் கேட்டனுங்களா? அதாட்ட நீங்களும் சித்த உக்காந்து, நிதானமா எடுங்க."

மழை முந்திக்கிச்சு

இப்படியே மாசி வந்துருச்சு. நாலாவது வண்டி, அஞ்சாவது வண்டி. ஒண்ணுல சீட்டு குழி, ஒண்ணுல சன்னல் சின்னது. டீச்சரம்மா உக்காந்து பாத்துட்டுச் சிரிக்காம எறங்கிருவாங்க. எனக்குக் கோவம் கோவமா வரும். காரு வாங்க வந்தாங்களா, காத்து வாங்க வந்தாங்களான்னு எம் பொண்டாட்டிகிட்டப் புலம்புவேன்.

அப்பறம் ஒரு சாயங்காலம் மழை புடிச்சுது பாருங்க. பூ மழைங்க. அது பங்குனியிலதான் வரணும், முந்திக்கிச்சு. அந்த மழை விழுந்தா ஒம்பதாம் நாளு காப்பி மொட்டு விரியும். மூணு நாளு நிக்கும், அப்பறம் வாடி உதுந்துரும். இந்த மலையில பொறந்த கைக்கொழந்தைக்கும் அந்தக் கணக்குத் தெரியும். தகரத்து மேல மழை விழற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு, ஐயோ, எந்தக் காருல அந்த மனுசனைக் கூட்டிட்டுப் போறதுன்னு கொட்டாயில நின்ன வண்டியை ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்தேன். அடுத்த வருசம் அவருக்குப் பூ இருக்கும், கண்ணு இருக்குமான்னு யாரு சொல்றது?

மக்கா நாளு காலையில ஏழு மணிக்கு ரெண்டு பேரும் வந்து நிக்கறாங்க. ஒரே பனி. எனக்கே எங் கொட்டாயி தெரியலை. அருள் ஐயா டீச்சரம்மா கையை விட்டுட்டு, நேரா நடந்தாரு. நான் பதறிப் போயிப் பின்னால ஓடறேன். மூலையில ஒரு மஞ்சள் வண்டி கெடந்துச்சு. குட்டி வண்டி, பிஸ்கட் டின்னாட்ட ஒசரமா, சதுரமா. நல்ல எலுமிச்சம்பழ மஞ்சள். ரெண்டு வருசமா எவனும் தொடலை. பாக்கற ஆளெல்லாம் ஆட்டோவான்னு கேட்டுட்டுப் போயிருவான். நானே அதுக்குள்ள பழைய டயரும் சாக்கும் போட்டு அடைச்சு வெச்சிருந்தேன்.

அவரு அதும் மேல கையை வெச்சு நின்னாரு. டீச்சரம்மா கதவைத் தொறந்து, டயரை ஓரமா தள்ளி, ஸ்டீரிங்கைப் புடிச்சு உக்காந்தாங்க. அவங்க தலைக்கு மேல ஒரு சாண் எடம், முன்னாடி பூரா கண்ணாடி. சிரிக்க ஆரம்பிச்சவங்கதான், நிறுத்தவே இல்லை. சின்னப் புள்ளையாட்ட ஆரனை வேற அடிச்சுப் பாத்தாங்க. அது கத்தலை. நான் வெக்கத்தோட, கலரு சித்த ஓவருங்க, நமக்குக் கட்டுபடி ஆகற வண்டியாப் பாக்கலாம்னு இழுத்தேன். அருள் ஐயா என் பக்கம் திரும்பினாரு. "மத்ததெல்லாம் பனியில கரைஞ்சு கெடக்குது பழனி, இது ஒண்ணுதான் எனக்குக் காராட்டத் தெரியுது. பள்ளிக்கூட வாசல்ல எத்தனை வண்டி நின்னாலும் எம் பொண்டாட்டி வண்டிக்கு நானே நடந்து போயிருவேன். இதுக்கு மேல என்ன கட்டுபடி வேணும் உனக்கு?"

நடக்கற வேகம்

ரெண்டு வருசம் தூங்கின வண்டிங்க. பேட்டரி செத்திருந்துச்சு. கிளச் தேஞ்சிருந்துச்சு. சீட்டுக்கு அடியில எலி குடும்பம் நடத்தி ஒயரைக் கடிச்சு வெச்சிருந்துச்சு. சேலத்துல இருந்து சாமான் வர்றதுக்குள்ள மூணு நாளு போச்சு. கொட்டாயைச் சாத்திட்டு நானே படுத்து எந்திரிச்சேன். மழை விழுந்த அஞ்சாம் நாளு ஓடுச்சு. மார் தட்டிக்கிட்டுத் தலைச்சோலை ரோட்டுக்குக் கொண்டு போனேன்.

அருள் ஐயா முன் சீட்டுல உக்காந்து ஒரே ஒரு பரிச்சை வெச்சாரு. மேட்டுல, ஆளு நடக்கற வேகத்துல ஏறணும். குலுங்கக் கூடாது, நிக்கக் கூடாது. "ஐயா, இது காருங்க, பல்லக்கு இல்லை"ன்னேன். அவரு மேட்டைப் பாத்துக் கையைக் காட்டினாரு. ஓட்டிப் பாத்தா, மெதுவா விட்டதும் வண்டி வெட்டி வெட்டி இழுத்து நின்னுருச்சு. திரும்பக் கொட்டாயி. பெட்ரோல் வர்ற வழியெல்லாம் கழட்டிச் சுத்தம் பண்ணினேன். ஆறாம் நாளும் நின்னுச்சு. ஏழாம் நாளும் நின்னுச்சு. ஸ்பேனரைத் தூக்கிக் கடாசினேன். வெசையா போறதுக்கு வண்டி கேட்டவங்களைத்தான் பாத்திருக்கேன், மெதுவா போறதுக்கு எவனாச்சும் உசிரை வாங்குவானா? ஆனா வழியில காப்பிச் செடியைப் பாத்தா மொட்டெல்லாம் அரிசியாட்ட வெளுத்துட்டு வருது. கோவத்தை முழுங்கிட்டு மறுபடியும் ஸ்பேனரைத் தேடி எடுத்தேன்.

எட்டாம் நாளு பொழுதோட டீச்சரம்மா ஓட்டினாங்க. பனி எறங்கிருச்சு. லைட்டைப் போட்டா பனிதான் வெளிச்சமாச்சு, ரோடு இல்லை. எனக்கு உள்ளங்கால் கூசுது. அருள் ஐயா கண்ணை மூடிக்கிட்டு வழி சொல்றாரு, டீச்சரம்மா அதைக் கேட்டு ஓட்டறாங்க. இப்ப எடது கைப்பக்கம் பலா மரம், அதைத் தாண்டினதும் வளைவு, ஆரன் அடி. இப்பக் கல்லுப் பாலம், தடதடங்கும். தடதடங்குதுங்க! பின்னால உக்காந்திருந்த எனக்குத்தான் கண்ணு இருந்தும் ஒண்ணும் தெரியலை. வண்டி ஒரு குலுக்கல் இல்லாம, எறும்பு ஊர்ற மாதிரி மேட்டுல ஏறி நின்னுச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு. எதுக்குங்கய்யா இந்த மெதுவுக்கு இவ்வளவு புடிவாதம்னு கேட்டேன். "இந்த ரோட்டுல முப்பது வருசம் நடந்தவன் நான், பழனி. வெசையா கூட்டிட்டுப் போனா இது எந்த ஊருன்னே எனக்குத் தெரியாது."

ஒம்பதாம் நாளு

டீச்சரம்மா லீவு லெட்டர்ல காரணத்துக்குப் "பூ"ன்னு எழுதினாங்களாம். ஹெட்மிஸ்ட்ரஸ் ஒண்ணும் கேக்காமக் கையெழுத்துப் போட்டுட்டாங்களாம். மொத தடவை தனியா ஓட்டப் பயமா இருக்குது, நீயும் ஏறிக்க பழனின்னாங்க. வித்த வண்டியில பின் சீட்டுல உக்காந்து போற தரகன் ஒலகத்துலயே நான் ஒருத்தன்தான்.

போனா, பனி! அப்படி ஒரு பனி. நாலு சன்னலையும் எறக்கியாச்சு. வாசம் வருதுங்க, மல்லிப் பந்தலுக்குள்ள பூந்த மாதிரி. தேனீ சத்தம் ரெண்டு பக்கமும் ரீங்குன்னு கேக்குது. பூவும் வெள்ளை, பனியும் வெள்ளை. எது எதுன்னு ஒரு எழவும் தெரியலை. அருள் ஐயா சன்னல்ல தாடையை வெச்சுக்கிட்டு உத்து உத்துப் பாக்கறாரு. டீச்சரம்மா கழுத்துல நரம்பு பொடைச்சிருக்குது. எனக்குப் பொறுக்கலை. அட சேர்வராயா, பதினாலு வருசமா ஒவ்வொரு வண்டியையும் மொதல்ல உனக்குத்தானே காட்டறேன், ஒரு அரை மணி நேரம் இந்தப் பனியைச் சுருட்டி வெக்கக் கூடாதான்னு வாய் விட்டே திட்டிட்டேன். கிறிஸ்துவங்க முன்னாடி நம்ம சாமியைத் திட்டறமேன்னு அப்பறம்தான் கூச்சமா போச்சு.

சாமி கேட்டுதோ, மாதா கேட்டுதோ, வெயிலுக்கு மனசு வந்துச்சோ தெரியலை. மேட்டு வளைவு திரும்பினதும் பனி விலகுச்சு. சில்வர் ஓக் மரத்துக்குக் கீழ, சரிவு பூராவும், கண்ணு எட்டற மட்டும் வெள்ளை. ஒவ்வொரு கெளையிலயும் கை வெக்க எடம் இல்லாமப் பூத்துக் கெடக்குது. இந்த மலையில பொறந்து வளர்ந்தவன் நான், எனக்கே புதுசாட்ட இருந்துச்சு. டீச்சரம்மா பிரேக்கைப் போட்டு நிறுத்தினாங்க. ஏனுங்க, தெரியுதுங்களா, சொல்லுங்க, தெரியுதான்னு கேக்கறாங்க. அவரு சன்னலுக்கு வெளிய ஒரே எடத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. போச்சு, கண்ணு நேத்தோட போயிருச்சாட்ட இருக்குதுன்னு நான் நெனைச்சுட்டேன். அப்பறம் திரும்பாமலே கையை நீட்டி டீச்சரம்மா கையைத் தொட்டாரு. "தெரியுது ஸ்டெல்லா. ஆனா நிறுத்தினா ஒரு செடிதான் தெரியுது. நீ மெதுவா ஓட்டிக்கிட்டே இரு, மலை பூரா வரட்டும்."

எது நல்ல வண்டின்னு கேட்டு இன்னமும் தினம் நாலு பேரு வந்துட்டுத்தான் இருக்கறாங்க. அது எனக்கும் தெரியாதுங்கறதை, யாவாரத்தை உத்தேசிச்சு, நான் யாருகிட்டயும் சொல்றதில்லீங்க.